முழங்கை மடிப்பும் நாடித்துடிப்பும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எலும்பு முறிவுப் பிரிவுகளில் ஒரே சாயலில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து, ஆறு, ஏழு வயது. பெரும்பாலும் அடிபட்டது இடக்கையாக இருக்கும். வலக்கையால் அதன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அசைந்தால் வலிக்குமே என்று அழக்கூடப் பயந்திருப்பார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எப்படி விழுந்தான் என்று கேட்டிருந்தால் கொய்யா மரம், திண்ணை, கிணற்றுமேடு, வாடகை சைக்கிள் என்று பதில் வந்திருக்கும். இப்போது சோபா, அடுக்குக் கட்டில், குடியிருப்பு வளாகத்துச் சறுக்குமரம், மாலில் உள்ள டிராம்போலின் என்கிறார்கள்.

விழும் இடம்தான் மாறியிருக்கிறது. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது அப்படியே இருக்கிறது. இந்த வயதில் மூட்டைப் பிடித்திருக்கும் நாண்கள் தளர்வானவை. ஊன்றிய கையின் முழங்கை நேராக நிற்காமல் பின்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகவே வளைந்துவிடும். மேற்கை எலும்பு முழங்கையை நெருங்கும் இடத்தில் முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு மிக மெல்லியது. முறிவது அங்கேதான். பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் அதிகம் காணப்படுவது இதுவே. இங்கே எழுதுவதும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

முறிந்த இடத்துக்கு முன்னாலேயே கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. மூன்று பெரிய நரம்புகளும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. எலும்பின் மேல்துண்டு கூர்மையாக முன்னால் தள்ளிக்கொண்டு வரும்போது இவற்றில் எது வேண்டுமானாலும் நசுங்கலாம். பிள்ளையின் எலும்பு மூன்று வாரத்தில் சேர்ந்துவிடும். அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலையெல்லாம் அந்த மூன்று வாரத்தின் முதல் இரவைப் பற்றியது.

அந்த முதல் இரவு அன்று பெரும்பாலும் கட்டு வைத்தியர் வீட்டில் கழிந்தது. ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். வட மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். பல ஊர்களில் உள்ளூரிலேயே ஒரு குடும்பம் தலைமுறையாக இதைச் செய்துவந்தது. மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்த துணி, பச்சிலைச் சாறு, ஏதோ ஓர் எண்ணெய். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. எக்ஸ்ரே எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில், விரல்களால் தடவியே எலும்பு எங்கே ஒடிந்திருக்கிறது என்று சொன்னவர்கள் அவர்கள். முன்கை முறிவு பல அவர்கள் கட்டிலேயே ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது. கூலியும் பெரிதாக வாங்கியதில்லை.

ஆனால் முழங்கை அப்படிப்பட்ட இடமில்லை. முறிந்த சில மணி நேரத்தில் வீங்கத் தொடங்கி, மறுநாள் வரை வீங்கிக்கொண்டே போகும். கட்டு இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு நிற்கும் என்பது அன்றைய நம்பிக்கை. உள்ளே வீக்கம் ஏற ஏற, வெளியே தப்பை கொஞ்சமும் இளகாது. பிள்ளை இரவெல்லாம் கத்தும். “முதல் நாள் அப்படித்தான் வலிக்கும், காலையில சரியாயிடும்” என்று தேற்றுவார்கள். காலையில் வலி குறைந்துவிட்டதைப் பார்த்து வீடு நிம்மதியாகும். உண்மையில் அந்த வலி குறைந்ததற்குக் காரணம், வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே மரத்துப்போனதாக இருக்கலாம். வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தால், எலும்பு சேர்ந்திருக்கும்; மணிக்கட்டு மடங்கி, விரல்கள் உள்ளங்கையை நோக்கிச் சுருண்டு, நீட்டவே முடியாத ஒரு கை வெளியே வரும்.

இது நம்மூர் வைத்தியர்களால் மட்டும் நேர்ந்ததல்ல. ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-இல் இந்தக் கையைப் பற்றித்தான் எழுதினார். அவர் கண்ட கைகள் டாக்டர்கள் போட்ட கட்டுகளுக்குள் கெட்டுப்போனவை. நரம்பு நசுங்கியதால் வந்த வாதம் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, இரத்தம் தடைபட்டுத் தசை செத்து நாராகிச் சுருங்குகிறது என்று அவர் சொன்னார். அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. இதே மனிதர்தான் 1870-71 போரில் பாரிஸ் முற்றுகைக்குப் போயிருந்த இடத்திலிருந்து தேவதைக் கதைகள் எழுதி, ரிச்சர்ட் லியாண்டர் என்ற புனைபெயரில் வெளியிட்டவர். அந்தக் கதைகளைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். ஒரே கை இரண்டையும் எழுதியிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் நெஞ்சில் நிற்கும் செய்தி.

மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளின் நிலை அன்று எப்படி இருந்தது? முதலில் முறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய டாக்டர்கள் முழங்கையை மெல்ல மடக்கி, இரு பக்கத்து எலும்பு முனைகளிலும் இரண்டு விரல், பின்பக்க முனையில் ஒரு விரல் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றும் சேர்ந்தால் ஒரு முக்கோணம். மூட்டு நழுவியிருந்தால் முக்கோணம் குலைந்துவிடும். மூட்டுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தால் முக்கோணம் குலையாமல் மொத்தமாகப் பின்னால் தள்ளி நிற்கும். மூன்று விரலும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் வீக்கம் முற்றிவிட்டால் எந்த முனையும் விரலுக்கு அகப்படாது. இன்று இந்தச் சோதனை பாடப் புத்தகத்தில் இருக்கிறது, தேர்வில் கேட்கிறார்கள். வார்டில் செய்பவர்கள் குறைவு. வீங்கிய கையைத் தொட்டுப் பிள்ளையை நோகடிப்பானேன், படம் எடுத்தால் தெரிந்துவிடப் போகிறது என்பது அவர்கள் எண்ணம். அதில் இரக்கமும் உண்டு, நியாயமும் உண்டு.

ரண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். சென்னைப் பெரிய மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் வந்தது 1934-இல். சிற்றூர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகும் வெகுகாலம் எக்ஸ்ரே என்பது ஜில்லா தலைநகருக்குப் போனால்தான் கிடைக்கும் பொருளாக இருந்தது. இருட்டறையில் கழுவிய ஃபிலிமை நீர் சொட்டச் சொட்ட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்தாலும் பிள்ளையின் முழங்கை எளிதில் பிடிகொடுக்காது. அதில் பெரும்பகுதி குருத்தெலும்பு. படத்தில் வெறும் இடமாகத்தான் தெரியும். அந்த வெற்றிடத்தில் வயது ஏற ஏற ஒவ்வொன்றாக ஆறு எலும்புப் புள்ளிகள் முளைக்கின்றன: ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதில். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாக. எது முறிவுத் துண்டு, எது முளைக்கும் புள்ளி என்று குழம்பாதிருக்க, அன்று அடிபடாத கையையும் சேர்த்துப் படம் எடுத்து இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள். இன்று வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பதே போதும் என்றாகிவிட்டது. மறு கையின் படம் அரிதாகவே தேவைப்படுகிறது. 7 வயதுக்குரிய புள்ளி தெரிகிறது, 5 வயதுக்குரியது அதன் இடத்தில் இல்லை என்றால், அது பிய்ந்து மூட்டுக்குள் போய்ச் சிக்கியிருக்கிறதோ என்று தேட வேண்டும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துவைத்திருந்ததால் காப்பாற்றப்பட்ட முழங்கைகள் பல.

முறிவே தெரியாத படத்தைப் படிக்கவும் கற்றார்கள். மூட்டுக்குள் இரத்தம் கசிந்தால், பின்பக்கக் குழிக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்புத் திட்டு மேலே தள்ளப்பட்டுக் கறுத்த நிழலாகத் தெரியும். 1950-களிலேயே இது கவனிக்கப்பட்டது. 1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த நிழலைத் தவிர வேறெதுவும் தெரியாத 45 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில் 34 பேருக்கு முறிவு இருந்தது பிறகு வெளிப்பட்டது. முன்பு “சுளுக்குதான், எண்ணெய் போடுங்க” என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உள்ளே முறிந்திருந்ததோ. இப்போது இதே நிழலை அல்ட்ராசவுண்ட் கருவியாலும் பார்க்கிறார்கள். 2013-இல் வந்த ஆய்வில் அவசரப் பிரிவு டாக்டர்கள் அதை வைத்து 98 விழுக்காடு முறிவுகளைப் பிடித்திருந்தார்கள். கதிர்வீச்சு இல்லை, பிள்ளை தாய் மடியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

கண்டுபிடித்தாயிற்று; இனி நேராக்க வேண்டும். பழைய மருத்துவத்தின் தர்மசங்கடம் முழுவதும் இங்கேதான் இருந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கையை இழுத்து, விலகிய துண்டை இடத்துக்குத் தள்ளி, முழங்கையை நன்றாக மடக்கினால் எலும்பு நிற்கும். பின்பக்கத் தசையும் எலும்பின் மேலுறையும் வார்போல இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். 110, 120 பாகை மடக்கினால் அசையாது. ஆனால் வீங்கிய முழங்கையை அவ்வளவு மடக்கினால் மடிப்பில் இரத்தக் குழாய் நசுங்கி மணிக்கட்டில் நாடி நின்றுவிடும். நாடி திரும்பும்வரை நீட்டினால் எலும்பு நழுவிவிடும். டாக்டர் ஒரு விரலை நாடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மடக்கி, கொஞ்சம் தளர்த்தி, இரண்டும் ஒத்துக்கொள்ளும் ஒரு கோணத்தைத் தேடுவார். பல கைகளில் அப்படி ஒரு கோணமே கிடைக்காது. எலும்பா, இரத்தமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நல்ல டாக்டர்கள் இரத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்தது.

அப்படிச் சேர்ந்த கையைத் தமிழ்நாட்டில் பழைய தலைமுறையினரிடம் இன்னும் பார்க்கலாம். கையை நீட்டினால் முழங்கைக்குக் கீழே உடம்பை நோக்கி உள்பக்கமாக வளைந்திருக்கும். வேலை செய்வதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. வளரும் பிள்ளைதானே, தானாக நிமிர்ந்துவிடும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் 80 விழுக்காடு தோள் பக்கத்தில் நடக்கிறது. முழங்கைப் பக்கத்தில் 20 மட்டுமே. அதனால் தோளருகே கோணலாகச் சேர்ந்த எலும்பு வளர வளர நிமிரும். முழங்கையருகே கோணல் அப்படியே நின்றுவிடும்.

எலும்பையும் இரத்தத்தையும் ஒருசேரக் காப்பாற்ற ஒரு வழி, எடை கட்டித் தொங்கவிடுவது. அமெரிக்காவில் டன்லப் 1939-இல் விவரித்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முன்கையில் ஒட்டுத்துணி சுற்றி, கப்பி வழியே எடையைத் தொங்கவிட்டு, இரண்டு மூன்று வாரம் அப்படியே. ஒரு பிள்ளை அப்படிக் கிடந்தால் தாயும் கட்டிலுக்குக் கீழே பாய்விரித்துக் கிடப்பாள். தகப்பன் வேலைக்குப் போய்விட்டு மாலையில் தூக்குப் பாத்திரத்தோடு வருவார். எடை தரையைத் தொடாமலிருக்கிறதா என்று பக்கத்துக் கட்டில்காரர்கூடப் பார்த்துச் சொல்வார். நர்சுகள் மணிக்கொரு தரம் நகத்தை அழுத்திப் பார்ப்பார்கள்: அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவக்க வேண்டும். அந்த மூன்று வாரத்தில் ஒரு குடும்பம் இழந்த கூலியை எந்த மருத்துவப் பதிவேடும் எழுதி வைக்கவில்லை.

தர்மசங்கடத்தைத் தீர்த்தது ஒரு கம்பி. ஜெர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-இல் அறிமுகப்படுத்திய மெல்லிய எஃகுக் கம்பியை, 1948-இல் ஸ்வென்சன் இந்த முறிவுக்குப் பயன்படுத்தி எழுதினார். தோலைக் கீறித் திறக்காமல், வெளியிலிருந்தே கம்பியைச் செலுத்தி இரண்டு துண்டுகளையும் கோத்துவிடும் முறை. ஆனாலும் உள்ளே எங்கே போகிறது என்று தெரியாமல் செலுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஃபிலிம் எடுத்து, கழுவிக்கொண்டு வரும்வரை பிள்ளை மயக்கத்தில் காத்திருக்கும். ஃப்ளின் என்ற அமெரிக்க டாக்டர் தன் 16 ஆண்டு அனுபவத்தை 1974-இல் வெளியிட்ட பிறகே பலருக்கும் இதில் நம்பிக்கை பிறந்தது. எலும்பை உடனுக்குடன் திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி அறுவை அரங்குக்குள் வந்ததும் மீதித் தயக்கமும் போயிற்று.

இன்று அது நடக்கும் விதம் இது. பிள்ளையின் கையை சி-ஆர்ம் தட்டின்மேல் வைத்து, இழுத்து, பக்கவாட்டுக் கோணலைச் சரிசெய்து, மெல்ல மடக்குகிறார்கள். திரையில் ஒரு படம். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள கம்பி, முழங்கையின் வெளிப்பக்கத் தோலில் ஊன்றி, குருத்தைத் துளைத்து, முறிவைக் கடந்து, எதிர்ப்பக்கத்துக் கெட்டி எலும்பைத் தொடுகிறது. தொடும்போது டிரில்லைப் பிடித்திருக்கும் கைக்கு ஓர் எதிர்ப்புத் தெரியும். அது தெரிந்தால்தான் கம்பி பிடித்திருக்கிறது. இன்னொரு கம்பி, விலகிய சாய்வில். தேவையானால் மூன்றாவது. கம்பி முனைகளைத் தோலுக்கு வெளியே வளைத்து வெட்டிப் பஞ்சு சுற்றுகிறார்கள். பிறகு முழங்கையை நீட்டி, 60 பாகை அளவில், தளர்வாக ஒரு ஸ்லாப், அதாவது கையைச் சுற்றி மூடாத மாவுக்கட்டு. எலும்பைக் கம்பி பிடித்துக்கொள்கிறது. ஆகவே முழங்கையை இறுக மடக்கி வைக்க வேண்டியதே இல்லை. ஆகவே இரத்தம் தடையின்றி ஓடுகிறது. எண்ணிப் பார்த்தால் இந்த மருத்துவத்தின் நூறாண்டு வரலாறும் இறுக்கத்திலிருந்து தளர்வுக்கு வந்த வழிதான்.

வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் கம்பி போடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. உள்பக்கத்தில் முழங்கை நரம்பு ஓடுகிறது. இரு பக்கமும் குறுக்காகக் கம்பி போட்டால் பிடி வலுவாக இருக்கும் என்பதால் நெடுங்காலம் அப்படிச் செய்தார்கள். சில பிள்ளைகளுக்கு முறிவால் கெடாத நரம்பு கம்பியால் கெட்டது. 2001-இல் வந்த ஆய்வில் வெளிப்பக்கக் கம்பி மட்டும் போட்ட 125 பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்த நரம்பு கெடவில்லை. பிறகு பலரும் மாறிக்கொண்டார்கள்.

மறுநாளே வீடு. மூன்று நான்கு வாரத்தில் புறநோயாளிப் பிரிவில் குறட்டால் கம்பியை உருவி எடுத்துவிடுகிறார்கள். அறுவைக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட அந்தக் குறட்டைக் கண்டதும் அலறுவார்கள். கம்பி வெளியே வர ஒரு நொடிதான் ஆகும்.

அவசரமும் குறைந்திருக்கிறது. முன்பு விலகிய முறிவு எந்நேரம் வந்தாலும் நள்ளிரவிலேயே அரங்கைத் திறப்பார்கள். 198 பிள்ளைகளை வைத்து 2001-இல் வெளியான இன்னோர் ஆய்வு, எட்டு மணி நேரத்துக்குள் செய்வதாலும் பிறகு செய்வதாலும் சிக்கல்களில் வேறுபாடு தெரியவில்லை என்றது. இரத்த ஓட்டமும் நரம்பும் நன்றாக இருந்தால், தூங்கி எழுந்த டாக்டர் காலையில் செய்வதே மேல் என்பது இன்றைய வழக்கம்.

இந்த ‘நன்றாக இருந்தால்’ என்பதைத் தீர்மானிப்பதில்தான் எனக்கு மனம் தயங்குகிறது. எடை தொங்கிய வார்டில் விரலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. ஆகவே எல்லோரும் விரலைப் பார்த்தார்கள். இன்று கைபேசியில் எக்ஸ்ரே படம் பறந்துவிடுகிறது. வீட்டிலிருக்கும் மூத்த டாக்டர் எலும்பைத் துல்லியமாகப் பார்த்துவிடுகிறார். கை வெதுவெதுப்பாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்பது படத்தில் வராது. நரம்பைச் சோதிக்க ஓர் எளிய விளையாட்டு இருக்கிறது: கல், காகிதம், கத்தரி. கை மூடினால் ஒரு நரம்பு, விரித்தால் ஒரு நரம்பு, இரு விரலைக் கத்தரிபோல் விரித்தால் மற்றொன்று. கடைசியாகக் கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்த்து ‘சூப்பர்’ என்று வட்டம் காட்டச் சொல்ல வேண்டும். இந்த முறிவில் அதிகம் அடிபடும் நரம்புக்கிளை அதில்தான் வெளிப்படும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் இதைச் செய்துபார்க்க ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

வலியைப் பற்றிய எண்ணமும் மாறியது. நாடி நிற்பது, கை வெளுப்பது, மரப்பது எல்லாம் காலம் கடந்த அறிகுறிகள் என்று இப்போது சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகளிடம் முதலில் தெரிவது வேறு: நிலைகொள்ளாமை, பதற்றம், வலிமருந்து கேட்பது கூடிக்கொண்டே போவது. தாய் “இவன் இப்படி அழமாட்டான் டாக்டர்” என்று சொன்னால் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று காலையில் சரியாகிவிடும் என்று அடக்கப்பட்ட அதே அழுகை இன்று அபாய மணியாக எண்ணப்படுகிறது. மொத்த மாற்றத்திலும் நான் மிகப் பெரியதாக மதிப்பது இதைத்தான். கம்பியைக்கூட இதற்கு அடுத்ததாகவே வைப்பேன்.

கட்டுப் பிரித்த பிறகு நடப்பதில் அன்றைய பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. விறைத்த முழங்கையை எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள்; பள்ளிக்குப் போகும் வரை மணல் வாளியைத் தூக்கி நடக்கச் சொல்வார்கள். அடிபட்ட தசையை அழுத்தித் தேய்த்தால் அதற்குள்ளேயே எலும்பு படிந்து, முழங்கை நிலையாக விறைத்துவிடுவது உண்டு. இப்போது டாக்டர்கள் சொல்வது ஒன்றே: விட்டுவிடுங்கள், விளையாடினால் தானாக நீளும். சில மாதங்களில் நீண்டுவிடுகிறது. சும்மா இருப்பதே மருத்துவம் என்று சொல்லி ஒரு பாட்டியை ஒப்புக்கொள்ள வைப்பது எளிதல்ல.

இப்போது காற்று இன்னொரு பக்கமும் வீசத் தொடங்கியிருக்கிறது. முழங்கையின் உள்பக்க முனை பிய்ந்து விலகும் முறிவுக்கு அறுவை வேண்டுமா, கட்டு போதுமா என்று பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. அறுவை செய்த பிள்ளைகளின் கை கூடுதலாக நன்றாக இயங்கவில்லை. பாதி விலகிய மேற்கை முறிவுகளிலும் எல்லாவற்றுக்கும் கம்பி வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. ஒருவேளை பலவற்றுக்கு நல்ல கட்டே போதும் என்று முடிவாகலாம். அந்த நல்ல கட்டைப் போட, மாவு இறுகும் சில நிமிடத்துக்குள் உள்ளங்கையால் எலும்பின் வாக்குக்கு அதை வார்த்தெடுக்கத் தெரிய வேண்டும். அதைப் பழகியவர்கள் இன்று ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். சி-ஆர்ம் இருக்கும் அரங்கில் பயின்ற இளைஞர்கள் இரண்டு கம்பியைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டை அந்த நேர்த்தியோடு போட்டுப் பழக அவர்களுக்கு வாய்ப்பே வரவில்லை. பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் ஒரு நாளாவது கட்டு அறையில் மூத்தவர் பக்கத்தில் நிற்க வழி செய்யலாம். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.